15 அங்குலமா, 16 அங்குலமா: குடும்பக் காருக்கு எந்த வீல் பொருந்தும்?

கேள்வி: எங்கள் ஊர் சங்கரன்கோவில். மாருதி பலேனோ கார் வாங்க முடிவு செய்திருக்கிறோம். அதன் டெல்டா வேரியன்ட்டில் 15 அங்குல ஸ்டீல் வீல், அதற்கு மேல் வேரியன்ட்டான ஸீட்டாவில் 16 அங்குல அலாய் வீல். வீட்டில் ஐந்து பேர். அம்மாவுக்கு முதுகுத்தண்டுத் தேய்மானம் உண்டு. தினமும் வேலைக்குத் திருநெல்வேலி போய் வருவேன், மாதம் ஒருமுறை குடும்பத்தோடு திருச்செந்தூர். தெரிந்த டயர் கடைக்காரர், "டெல்டாவ எடுங்க சார், நான் 17 அங்குல அலாய் போட்டுத் தர்றேன். வண்டி உயரமாகும், பள்ளத்துல அடிக்காது" என்கிறார். எதைச் செய்வது? 16 அங்குல வீல் உள்ள வண்டிக்கு ஸ்டெப்னி மட்டும் 15 அங்குலமாகக் கொடுத்தால் பிரச்சினை வருமா?

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு 15 அங்குலம்தான் பொருத்தம். ஸீட்டாவில் உள்ள வேறு வசதிகள் உங்களுக்கு உண்மையாகவே தேவை என்றால் 16 அங்குலத்தோடு வாங்கலாம், அதில் தவறில்லை. 17 வேண்டவே வேண்டாம்.

கடைக்காரர் சொன்ன உயரக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். பலரும் ஏமாறுவது அங்கேதான். டெல்டாவின் டயரில் 185/65 ஆர்15 என்று இருக்கும். 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 185-இல் 65 சதவீதம் 120.25 மி.மீ. அப்படி மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவில் 381 மி.மீ. ரிம். மொத்தம் 621.5 மி.மீ. ஸீட்டாவில் 195/55 ஆர்16. இதே கணக்கைப் போட்டால் சுவர் 107.25 மி.மீ., மொத்த விட்டம் 620.9 மி.மீ. ரிம் ஒரு அங்குலம் பெரிதாகியும் சக்கரத்தின் மொத்த உயரம் கூடவில்லை. கம்பெனி வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறது. ஸ்பீடோமீட்டர், கியர் விகிதம், ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) எல்லாமே அந்த விட்டத்தை நம்பி அமைக்கப்பட்டவை. ரிம் வளர்ந்த இடத்தை ரப்பர் விட்டுக்கொடுத்திருக்கிறது. ஒரு சுவருக்கு 13 மி.மீ. ரப்பரும் காற்றும் போய், அந்த இடத்தில் உலோகம் வந்திருக்கிறது.

17 அங்குலத்துக்குக் கடைகளில் வழக்கமாகப் போடுவது 205/45 ஆர்17. அதன் சுவர் 92.25 மி.மீ., மொத்த விட்டம் 616.3 மி.மீ. வண்டி உயரவில்லை, இரண்டரை மில்லிமீட்டர் இறங்குகிறது. "அப்படியானால் 205/50 போடுகிறேன்" என்று அவர் சொல்லக்கூடும். அதில் விட்டம் 636.8 மி.மீ., தரை இடைவெளி ஏழரை மில்லிமீட்டர் கூடும். ஆனால் மீட்டர் 100 காட்டும்போது வண்டி 102.5-இல் ஓடும். ஐந்து பேர் ஏறிய பிறகு பின்பக்க வளைவிலோ, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது முன்பக்கப் பிளாஸ்டிக் லைனிங்கிலோ டயர் உரசவும் வாய்ப்பு உண்டு. ஏழரை மில்லிமீட்டருக்காக இத்தனையையும் தலையில் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை.

பள்ளத்தில் அடிபடுவதற்கும் வண்டியின் உயரத்துக்கும் அதிகத் தொடர்பு இல்லை. பள்ளத்தின் எதிர்விளிம்பில் டயர் மோதும் அந்தக் கணத்தில் ரப்பர் சுவர் ரிம்மின் உதட்டுக்கும் தார் விளிம்புக்கும் நடுவில் நசுங்குகிறது. சுவர் உயரமாக இருந்தால் நசுங்கி மீளும், உலோகம் விளிம்பைத் தொடாது. குட்டையாக இருந்தால் இரண்டு அடுக்கு ரப்பரும் ஒன்றோடொன்று ஒட்டி, ரிம்மின் உதடு அவற்றைக் கத்தரிக்கோல் போலக் கடித்துவிடும். சுவருக்குள் ஓடும் பாலியஸ்டர் நூல்கள் அங்கே அறுந்துபோகும். வெளியில் ஒரு கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். சில மணி நேரத்திலோ மறுநாளோ அந்த இடத்தில் எலுமிச்சம்பழம் பாதி அளவுக்கு ஒரு வீக்கம் எழும். நூல் பிடித்துக்கொள்ளாத இடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ளுவதுதான் அந்த வீக்கம். அதைப் பேட்ச் போட்டுச் சரிசெய்ய முடியாது. அந்த டயரைத் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. வீங்கிய டயரோடு நெடுஞ்சாலையில் போகக் கூடாது, 'இன்னும் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம்' என்ற யோசனையே வேண்டாம்.

ரிம்முக்கும் அடி விழும். ஸ்டீல் ரிம் நெளிந்தால் தட்டி நிமிர்த்திவிடலாம், சிறிய ஊரிலும் செய்வார்கள். அலாய் அப்படி இல்லை. லேசான நெளிவை அதற்கென்று மெஷின் வைத்திருக்கும் கடையில் சரிசெய்யலாம். விரிசல் விட்டால் வெல்டிங் வைத்து ஓட்டுவது ஆபத்து, சூடு பட்ட இடத்தைச் சுற்றி உலோகம் பலவீனமாகிவிடும். ரிம் நெளிந்ததற்கு முதல் அறிகுறி, ஒரு சக்கரத்தில் மட்டும் காற்றழுத்தம் வாரத்துக்கு நாலைந்து பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) இறங்குவது. பஞ்சர் கடைக்காரர் டயரைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்து "ஆணி எதுவும் இல்லையே" என்பார். ரிம்மும் டயரும் சேரும் ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், குமிழி அங்கேதான் வரும்.

இதில் பணக் கணக்கும் ஒன்று இருக்கிறது. சாதாரண வாகனக் காப்பீட்டில் டயர் மட்டும் சேதமானால் இழப்பீடு கிடையாது. அதே விபத்தில் வண்டிக்கும் சேதம் ஏற்பட்டிருந்தால்தான் தருவார்கள், அதுவும் புது டயர் விலையில் 50 சதவீதம்தான். பள்ளத்தில் விழுந்து வீங்கிய டயர் உங்கள் சொந்தச் செலவு. டயருக்கென்று தனி ஆட்-ஆன் (கூடுதல் காப்பீடு) எடுக்கலாம். 16 அங்குலம் வாங்கினால் அதன் பிரீமியத்தைக் கேட்டுப் பாருங்கள்.

இனி அம்மாவின் முதுகு. டயரின் சுவர்தான் வண்டியின் முதல் ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே சிறு அதிர்வுகளை டயர் விழுங்கிவிடும்: ஜல்லி தெரியும் தார், பால ஜாயின்ட், ரோட்டைத் தோண்டி மூடிய வரப்பு. இவைதான் முதுகை வாட்டுபவை. பெரிய வேகத்தடையில் நீங்களே வேகத்தைக் குறைத்துவிடுவீர்கள், சிறு அதிர்வுகளோ பயணம் முழுக்க வந்துகொண்டே இருக்கும். 120 மி.மீ. சுவரையும் 107 மி.மீ. சுவரையும் பின் சீட்டில் உட்காருபவர் உடனே பிரித்து உணர்வார். 92 மி.மீ. பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே டெஸ்ட் டிரைவ் மிக முக்கியம், அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஷோரூம்களில் டெஸ்ட் வண்டி பெரும்பாலும் மேல் வேரியன்ட்டாகத்தான் இருக்கும். அதாவது 16 அங்குலத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு 15-ஐப் பற்றி முடிவு செய்வீர்கள். இரண்டு அளவிலும் வண்டி வேண்டும் என்று முன்கூட்டியே போனில் சொல்லுங்கள். டெல்டா டெஸ்ட் வண்டி இல்லையென்றால், 15 அங்குல பலேனோ வைத்திருக்கும் தெரிந்தவரிடம் அரைமணி நேரம் கேட்டு வாங்குங்கள். கிளம்பும் முன், டயர் சூடேறுவதற்குள், காற்றைச் சரிபாருங்கள். யார்டில் நிற்கும் வண்டிகளில் தேவைக்கு மேல் காற்று நிரப்பி வைத்திருப்பது சகஜம், அப்படி இருந்தால் எந்த வீலும் கல் மாதிரிதான் இருக்கும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அந்த அளவுக்கான எண் இருக்கிறது. இரண்டு வண்டியிலும் அதன்படியே வைக்கச் சொல்லுங்கள். அம்மாவைப் பின் சீட்டில் அவர் வழக்கமாக உட்காரும் பக்கம் உட்காரவையுங்கள். நீங்கள் தினமும் போகும் சாலையில் ஒரே ஒரு கிலோமீட்டரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வண்டியையும் ஒரே வேகத்தில், முதலில் 40-லும் பிறகு 20-லும் ஓட்டுங்கள். ஏசி ஃபேனைக் குறைத்துவிட்டு டயர் சத்தத்தையும் கவனியுங்கள். எந்த வண்டி எந்த வீல் என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

16 அங்குலத்துக்குச் சாதகமாகவும் சொல்லியாக வேண்டும். சுவர் குட்டையாக இருப்பதால் வளைவில் டயர் குறைவாகச் சாயும், ஸ்டியரிங் திருப்பியதும் வண்டி உடனே கேட்கும். நாலுவழிச் சாலையில் 100-இல் லேன் மாறும்போது இது நன்றாகவே தெரியும். அகலம் 10 மி.மீ. கூடுதல் என்பதால் காய்ந்த சாலையில் பிடிப்பும் கொஞ்சம் கூடும். ஆனால் தரையைத் தொடும் பரப்பு இரட்டிப்பாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ, காற்று 33 பி.எஸ்.ஐ. என்றால், அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ என்றால், தரையில் படும் பரப்பு ஏறத்தாழ 130 சதுர செ.மீ. இது 15-லும் 16-லும் கிட்டத்தட்ட ஒன்றுதான், வடிவம் மட்டும் மாறும். குறுகிய டயரில் நீளவாக்கில் இருக்கும், அகல டயரில் பக்கவாட்டில் விரியும். ஐப்பசி மழையில் சாலையில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது அகல டயர் அதிகத் தண்ணீரை ஒதுக்க வேண்டியிருப்பதால் கொஞ்சம் சீக்கிரமே மிதக்கத் தொடங்கும். 1.6 மி.மீ. தேய்மானக் குறி வரும்வரை காத்திருக்காமல், எந்த அளவாக இருந்தாலும் டிரெட் (டயரின் வரிப்பள்ளங்களின் ஆழம்) 3 மி.மீ. வந்ததுமே, மழைக்காலத்துக்கு முன் டயரை மாற்றிவிடுங்கள். பிரேக் பிடிக்கும் தூரத்தில் 15-க்கும் 16-க்கும் உள்ள வித்தியாசத்தைவிட, நல்ல டயருக்கும் தேய்ந்த டயருக்கும் உள்ள வித்தியாசம் பல மடங்கு பெரியது.

எடை தாங்கும் திறனையும் பாருங்கள், கடைகளில் இதைப் பெரும்பாலும் பேசுவதே இல்லை. டயரில் அளவுக்குப் பின்னால், எடைத் திறனைக் குறிக்கும் ஓர் எண் இருக்கும். 185/65 ஆர்15-இல் வழக்கமாக 88, அதாவது ஒரு டயர் 560 கிலோ. 195/55 ஆர்16-இல் 87, அது 545 கிலோ. சாதாரண 205/45 ஆர்17-இல் 84, அது 500 கிலோ. ரிம் பெரிதாகப் பெரிதாக டயரின் வலு கூடும் என்று நினைப்பது இயல்பு, நடப்பது நேர்மாறு. உள்ளே காற்றுக்கு இடம் குறைவதால் தாங்கும் எடையும் குறைகிறது. பலேனோ முழுச் சுமையில் சுமார் 1,400 கிலோதான், எனவே 84 எண் டயர் நின்ற இடத்தில் வெடித்துவிடாது. ஆனால் ஐந்து பேரும் பெட்டிகளுமாகத் திருச்செந்தூர் போகும் வழியில் ஒரு பள்ளம் வரும்போது கைவசம் இருக்கும் உபரி வலுதான் உங்களைக் காப்பாற்றும், அதைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கான எண்ணைவிடக் குறைந்த எண் உள்ள டயரை எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். எக்ஸ்.எல். (கூடுதல் எடை தாங்கும் ரகம்) என்று அச்சிட்ட 205/45 டயரில் 88 கிடைக்கும், ஆனால் அந்த வலு வர அதிகக் காற்று வைக்க வேண்டும். அதிகக் காற்று என்றால் அதிகக் குலுக்கல்.

"அலாய் என்றால் எடை குறைவுதானே" என்று கேட்பீர்கள். அதே அளவு ரிம்மில், நல்ல தயாரிப்பில், ஆமாம். விலை குறைவான வார்ப்பு அலாயில் 17 அங்குலம், கம்பெனி கொடுத்த 15 அங்குல ஸ்டீலைவிடக் கனமாகவே இருப்பது உண்டு. சந்தேகம் இருந்தால் இரண்டையும் தராசில் வைத்துப் பாருங்கள். எடை விளிம்பை நோக்கி நகர நகர, வண்டியைக் கிளப்பவும் நிறுத்தவும் கூடுதல் சக்தி வேண்டும். மைலேஜ் குறைவதற்கும் ஷாக் அப்சார்பர், லிங்க் ராடு, புஷ் சீக்கிரம் தேய்வதற்கும் அதுவும் ஒரு காரணம்.

டயர் கிடைப்பதையும் பார்க்க வேண்டும். 185/65 ஆர்15 டிசையரிலும் எர்டிகாவிலும் ஓடுகிற அளவு. டாக்ஸி ஓடும் ஊரிலெல்லாம் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஸ்ரீவைகுண்டத்தில் டயர் கிழிந்தாலும் பக்கத்திலேயே வாங்கிவிடலாம். 195/55 ஆர்16 ஐ20, கிளான்ஸாவின் மேல் வேரியன்ட்களிலும் வருவதால் திருநெல்வேலியில் சிரமமில்லை, சிறிய ஊர்களில் ஆர்டர் போட வேண்டியிருக்கும். 205/45 ஆர்17 நகரத்துக்கு வெளியே கிடைப்பது அரிது. விலைக்கு, ஒரே நிறுவனத்தின் ஒரே ரகத்தை மூன்று அளவிலும் ஒரே நாளில் கேளுங்கள். வித்தியாசத்தை நான்கால் பெருக்குங்கள். நீங்கள் ஓட்டும் ஓட்டத்துக்கு மூன்று வருடத்துக்குள் ஒரு செட் மாற்ற வேண்டிவரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அலாயின் தோற்றம் பிடித்திருக்கிறது என்றால் அதற்கு நல்ல வழி இருக்கிறது. டெல்டாவை எடுத்து, 15 அங்குலத்திலேயே அலாய் போடுங்கள். கம்பெனி கொடுத்த டயரை அப்படியே அதில் ஏற்றலாம், விட்டம், எடைத் திறன், சொகுசு எதுவும் மாறாது. வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. போல்ட் வட்டம், அதாவது போல்ட் துளைகள் அமைந்த வட்டம், நான்கு துளை, விட்டம் 100 மி.மீ. ரிம் அகலம் 5.5 அல்லது 6 ஜே, அதாவது அத்தனை அங்குலம். நடுத்துளை 54.1 மி.மீ. வெளிக்கடை அலாய்கள் பல வண்டிகளுக்கும் பொருந்தட்டும் என்று நடுத்துளையைப் பெரிதாகவே வைத்திருப்பார்கள். அப்போது இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் அவசியம். அது இல்லாமல் பூட்டினால் வீல் நூலிழை தள்ளி உட்கார்ந்து, 80-க்கு மேல் ஸ்டியரிங் நடுங்கும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் அந்த நடுக்கம் போகாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையோ ஜே.டபிள்யூ.எல். (அலாய் வீலுக்கான ஜப்பானியத் தரக்குறி) எழுத்தோ வீலின் உலோகத்திலேயே வார்க்கப்பட்டிருக்க வேண்டும், ஸ்டிக்கரை நம்பாதீர்கள்.

ஆஃப்செட் என்பது வீலின் நடுக்கோட்டிலிருந்து, அது வண்டியில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பது. அந்த எண் வீலின் பின்பக்கத்தில் இருக்கும், அதைக் கம்பெனி வீலோடு ஒப்பிடுங்கள். உதாரணத்துக்கு, 5.5 ஜே, ஆஃப்செட் 45 உள்ள வீலைக் கழற்றி 7 ஜே, ஆஃப்செட் 35 போட்டால், அகலம் கூடியதால் 19 மி.மீ., ஆஃப்செட் குறைந்ததால் 10 மி.மீ., ஆக வீலின் வெளி ஓரம் 29 மி.மீ. வெளியே தள்ளும். பார்க்க அகலமாக, அழகாக இருக்கும். ஆனால் அந்த நெம்புகோல் பளு முழுவதும் வீல் பேரிங் மேல் விழும், பள்ளத்தில் ஸ்டியரிங் கையை இழுக்கும். வீலை வெளியே தள்ள நடுவில் ஸ்பேசர் தகடு போடுவதும் இதே வேலைதான்.

நட்டுகள் 12 மி.மீ. தடிமன், 1.25 மி.மீ. புரி. கையால் திருகும்போதே ஒன்பது பத்து முழுச் சுற்றாவது ஏற வேண்டும். எதிரெதிர் நட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசி இறுக்கத்தை நட்டு முடுக்கும் காற்றுத் துப்பாக்கியால் செய்யாமல், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், கையேட்டில் உள்ள அளவுக்குச் செய்யச் சொல்லுங்கள். 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். புது அலாய் முதல் ஓட்டத்தில் உட்கார்ந்து நட்டுகள் தளர்வது உண்டு. அலாய் போட்டதைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, மின்சாரம் சாராத உதிரி என்று பாலிசியில் சேர்த்துவிடுங்கள். 17 அங்குலம் போன்ற, கம்பெனி அந்த மாடலுக்குக் கொடுக்காத அளவைப் போட்டால், சஸ்பென்ஷனுக்கும் பேரிங்குக்கும் வாரன்டி மறுக்க அவர்களுக்கு நீங்களே காரணம் எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

ஸீட்டாவையே எடுக்கிறீர்கள் என்றால் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். குலுக்கலைக் குறைக்கக் காற்றைக் குறைக்காதீர்கள். 107 மி.மீ. சுவரில் நாலு பி.எஸ்.ஐ. குறைத்து ஓட்டினால், மேலே சொன்ன அந்த நசுங்கலை நீங்களே வரவழைக்கிறீர்கள். ஸ்டிக்கரில் குறைந்த சுமைக்கும் முழுச் சுமைக்கும் தனித்தனி எண் இருந்தால், குடும்பத்தோடு கிளம்பும் காலையில் பின் டயர்களின் காற்றை முழுச் சுமைக்கான எண்ணுக்கு மாற்றி வையுங்கள். ஒரு வருடம் ஓட்டியும் அம்மாவுக்கு ஒத்துவரவில்லை என்றால், முதல் செட் டயர் தேய்ந்த பிறகு 15 அங்குல ரிம்முக்கு இறங்கலாம், அதுவும் பலேனோவுக்குக் கம்பெனி கொடுத்த அளவே. ரிம்மை மாட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள், பிரேக் காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளியாவது இருக்க வேண்டும். உள்பக்கம் ஒட்டும் பேலன்சிங் எடைக்கட்டியும் காலிப்பரில் இடிக்கக் கூடாது.

ஸ்டெப்னி 15 அங்குலமாக இருப்பது பிரச்சினை இல்லை. மேலே போட்ட கணக்கின்படி இரண்டின் விட்டத்துக்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்தான், எனவே இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியலுக்கோ ஏபிஎஸ்ஸுக்கோ குழப்பம் வராது. அகலமும் பிடிப்பும் வேறு என்பதால் 80-ஐத் தாண்டாமல் பஞ்சர் கடைவரை ஓட்டினால் போதும். மாதம் ஒருமுறை மற்ற நான்கோடு அதற்கும் காற்றுப் பாருங்கள். வெளிக்கடை அலாய் போட்டால் அதற்கென்று நீளமான, மூடிய நட்டுகள் தருவார்கள். அவை ஸ்டீல் ஸ்டெப்னியில் சரியாக உட்காராமல் போகலாம். கழற்றிய பழைய நட்டுகளில் நான்கைத் துணிப்பையில் கட்டி, ஜாக்கியோடு ஸ்டெப்னிக் குழிக்குள் வைத்துவிடுங்கள்.